ஸ்குவாஷ் அண்ட் ஸ்ட்ரெட்ச் சேர்த்தும் என் கதாபாத்திரம் ரப்பர் பொம்மையாகவே தெரிவது ஏன்?

ஸ்குவாஷ் அண்ட் ஸ்ட்ரெட்ச், அதாவது அசையும் உருவத்தை நசுக்கியும் நீட்டியும் காட்டும் உத்தியை, ஒவ்வொரு அசைவிலும் சேர்த்த பிறகும் உயிர் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முப்பரிமாண அனிமேஷனில் வேலை செய்பவன் என்ற முறையில், நான் முதலில் சந்தேகிப்பது கன அளவைத்தான். டிஸ்னி ஸ்டுடியோவில் பாதி நிரம்பிய மாவு மூட்டையை வரைந்து பழகுவார்கள். கீழே போட்டால் அது பரந்து தட்டையாகும், மேல் முனைகளைப் பிடித்துத் தூக்கினால் ஒல்லியாக நீளும், ஆனால் உள்ளிருக்கும் மாவு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. கணினியில் இதுதான் எளிதில் பிசகும். உயரத்தை 2 மடங்காக்கிவிட்டு அகலம், ஆழம் இரண்டையும் பாதியாக்கினால் உருவத்தின் கன அளவே பாதியாகிவிடும். அவை இரண்டும் ஏறத்தாழ 0.71 ஆக இருக்க வேண்டும். அதேபோல் உயரத்தை 0.64 ஆக நசுக்கினால் மற்ற இரண்டும் 1.25 ஆக வேண்டும்.

அடுத்தது நேரம். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் காட்சியில், துள்ளும் பந்து உச்சியில் உருண்டையாகவும், வேகமெடுத்து இறங்கும்போது நீண்டும், தரையைத் தொட்ட பிறகே நசுங்கியும் இருக்க வேண்டும். நீண்ட வடிவிலேயே தரையைத் தொடும் ஒரு ஃப்ரேமை வைத்து, அதற்கடுத்த ஃப்ரேமில் நசுக்கினால் மோதலின் வலு தெரியும். காற்றிலேயே நசுங்கத் தொடங்கினாலோ, நசுங்கிய நிலை தேவைக்கு மேல் நீடித்தாலோ, நீங்கள் சொல்லும் ரப்பர் தன்மை வந்துவிடும்.

இவை சரியாக இருந்தும் உயிர் வராவிட்டால், நசுங்குவதற்கான காரணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பந்தைத் தரை நசுக்குகிறது. கதாபாத்திரமோ குதிக்க நினைத்துத் தானே குறுகுகிறது. பிக்ஸார் 1986-இல் வெளியிட்ட 'லக்ஸோ ஜூனியர்' குறும்படத்தில் மேசை விளக்கின் உலோகம் எங்குமே வளைவதில்லை. குதிப்பதற்கு முன் மூட்டுகள் மடங்குகின்றன, பாயும்போது விரிகின்றன, அவ்வளவுதான். ஆயினும் அது ஒரு துறுதுறுப்பான குழந்தை என்பதில் பார்ப்பவருக்கு ஐயமே எழுவதில்லை. மனித உருவத்துக்கும் இந்த வழியே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து: எலும்பை நீட்டுவதற்கு முன் முதுகையும் முழங்காலையும் மடக்கிப் பாருங்கள்.

முகத்தில் இன்னும் கவனம் தேவை. மண்டையோடு உருமாறாது, தாடையும் சதையுமே அசைகின்றன. சிரிக்கும்போது வாயை மட்டும் அகட்டினால் முகமூடி போலிருக்கும்; கன்னம் மேலேறித் திரண்டு, கீழிமையை உந்தி, கண்ணைச் சற்றே சுருக்க வேண்டும். வியப்பில் தாடை இறங்கும்போது அந்தக் கன்னமே நீண்டு ஒட்டிப்போக வேண்டும். உங்கள் ரிக்கில் (உருவத்தை அசைக்க உதவும் எலும்புகளும் கட்டுப்பாடுகளும் கொண்ட அமைப்பில்) கன்னத்துக்கும் கீழிமைக்கும் தனித்தனிக் கட்டுப்பாடுகள் இல்லையென்றால், உடலின் அளவுகளை மேலும் கூட்டுவதை நிறுத்திவிட்டு முதலில் அவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.