மாம்பழ லஸ்ஸி ஏன் நீர்த்துப்போகிறது?

கேள்வி: கடையில் குடிக்கும் மாம்பழ லஸ்ஸி கரண்டி போட்டால் நிற்கும் பதத்தில் இருக்கிறது. நான் வீட்டில் செய்தால் மோர் மாதிரி ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தனியாக, கூழ் தனியாகப் பிரிந்துவிடுகிறது. போன வாரம் அன்னாசி போட்டுப் பார்த்தேன். காலையில் அடித்து ஃப்ரிட்ஜில் வைத்தது மாலையில் கசந்து, குழந்தைகள் தொடவே இல்லை. பழம் சரியில்லையா, நான் செய்வது சரியில்லையா? டின்னில் வரும் மாம்பழக் கூழைப் பயன்படுத்தலாமா? (திருச்சியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: மாம்பழத்தின் மேல் பழி போட வேண்டாம். அன்னாசி விவகாரம் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன். நீர்த்துப்போவது, பிரிவது இரண்டுக்கும் காரணம் உங்கள் தயிரும் மிக்ஸியும்தான்.

லஸ்ஸி பஞ்சாபின் பானம். அங்கே அடிப்படை லஸ்ஸி என்பது மத்தால் கடைந்த தயிர், கூடவே சர்க்கரை அல்லது உப்பு, அவ்வளவுதான். அமிர்தசரஸ் கடைகளில் மேலே ஆடையோ வெண்ணெயோ ஒரு கரண்டி போட்டுத் தருவார்கள். மாம்பழம் அதில் பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி. வெளிநாடுகளில் இருக்கும் இந்திய உணவகங்களில் அந்த விருந்தாளியே வீட்டுக்காரர் ஆகிவிட்டார் என்பது வேறு கதை. தயிர் நன்றாக இருந்தால் சுமாரான பழத்திலும் லஸ்ஸி தேறிவிடும். தயிர் தண்ணீராக இருந்தால் அல்போன்சாவே வந்தாலும் காப்பாற்றாது.

சோற்றுக்கு உறை ஊற்றும் தயிரையே நீங்கள் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். லஸ்ஸிக்கு ஒரு நாள் முன்பே தனியாக உறை ஊற்றுங்கள். பால் ஃபுல் கிரீமாக இருக்கட்டும். அதில் கொழுப்பு 6 சதவீதம், டோன்டு பாலில் 3 சதவீதம்தான். பால் பொங்கியதும் இறக்கிவிடாமல், சிறு தீயில் கிளறியபடி 10 நிமிடம் வைத்திருங்கள். கொஞ்சம் நீர் வற்றும். அதைவிட முக்கியமான ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். பாலில் கேசின் என்ற முக்கியப் புரதம் தவிர வேறு சில புரதங்களும் உண்டு. அவை நல்ல சூட்டில் உருக்குலைந்து கேசினோடு ஒட்டிக்கொள்ளும். அப்படிப் பின்னிய வலை தண்ணீரைக் கசியவிடாமல் பிடித்து வைக்கும். கட்டித்தயிரின் ரகசியம் உறைமோரில் இருப்பதைவிட இந்தப் பத்து நிமிடத்தில்தான் அதிகம் இருக்கிறது.

விரலை விட்டால் சூடு தெரிய வேண்டும், சுடக் கூடாது. அந்தப் பதத்தில் அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் புளிக்காத தயிரைக் கலந்து அசைக்காமல் வையுங்கள். திருச்சி வெயிலுக்கு நாலைந்து மணி நேரம் போதும். உறைந்த உடனே ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். வெளியே விட்டால் பாக்டீரியா தன் வேலையை நிறுத்தாது, பாலில் இருக்கும் சர்க்கரையை அமிலமாக்கிக்கொண்டே இருக்கும். புளித்த தயிரில் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அடியில் அந்தப் புளிப்பு நிற்கும். நாமும் விடாமல் சர்க்கரையைக் கொட்டுவோம்.

முன்கூட்டியே திட்டமிட முடியாத நாளில் இருக்கிற தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃப்ரிட்ஜில் ஒரு பாத்திரத்துக்கு மேல் முக்கால் மணி நேரம் தொங்கவிடுங்கள். வடியும் நீரைக் கொட்ட வேண்டாம், சப்பாத்தி மாவு பிசையலாம்.

அடுத்தது மிக்ஸி. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, ஐஸ் கட்டியையும் சேர்த்து, ஒரு நிமிடம் ஓடவிடுவதுதான் பலரும் செய்வது. பிளேடு அந்தப் புரத வலையை நார்நாராகக் கிழித்துவிடும். பிடித்து வைத்திருந்த தண்ணீரெல்லாம் வெளியே வரும். ஆடைத் தயிர் என்றால் வெண்ணெய்த் துணுக்குகளும் திரளும். போதாக்குறைக்கு ஐஸ் உருகி அதுவும் தண்ணீராகும். எனவே, முதலில் பழத்தையும் சர்க்கரையையும் மட்டும் மைய அரையுங்கள். குளிர்ந்த தயிரைத் தனியாக மத்தால் கட்டியில்லாமல் கடைந்து, பழக் கூழை அதில் கலந்துகொள்ளுங்கள். மிக்ஸியில்தான் செய்வேன் என்றால் தயிரைக் கடைசியில் சேர்த்து, விட்டு விட்டு மூன்று நான்கு சுற்று, அதோடு நிறுத்திவிடுங்கள். ஐஸுக்குப் பதிலாக மாம்பழத் துண்டுகளையே முந்தின நாள் ஃப்ரீசரில் போட்டு வைத்தால் குளிர்ச்சியும் வரும், கெட்டியும் குறையாது.

இரண்டு பெரிய டம்ளருக்கு அளவு: கட்டித்தயிர் ஒன்றரை கப், மாம்பழக் கூழ் ஒரு கப், சர்க்கரை ஒன்றரை டேபிள்ஸ்பூன், ஏலக்காய்ப் பொடி இரண்டு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை. உப்பை விட்டுவிடாதீர்கள், இனிப்பைத் தூக்கிக் காட்டுவது அதுதான். ரொம்பக் கெட்டியாக இருந்தால் தண்ணீர் வேண்டாம், குளிர்ந்த பால் இரண்டு கரண்டி விடலாம். கலக்கும்போது இனிப்பு சற்றுத் தூக்கலாக இருக்கட்டும். ஜில்லென்று குடிக்கும்போது நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும்.

பங்கனப்பள்ளி இதற்கு நல்ல பழம். நார் இல்லை, கூழ் வழுவழுவென்று வரும். இமாம்பசந்த் கிடைத்தால் லஸ்ஸியில் போடாமல் அப்படியே சாப்பிடுங்கள் என்பேன். நாட்டு மாம்பழத்தில் மணம் பிரமாதம், ஆனால் கூழை வடிகட்டியே ஆக வேண்டும்.

இப்போது அன்னாசி. வேகவைக்காத அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டுவது அதன் தொழில். தயிரில் இருக்கும் பால் புரதத்தை அது வெட்டும்போது உண்டாகும் சிறு துண்டுகள்தான் அந்தக் கசப்பு. உடனே குடித்தால் தெரியாது, மாலை வரை வைத்தால் தெரியும். நானும் ஒருமுறை விருந்தாளிகளுக்கு என்று காலையிலேயே ஒரு ஜாடி செய்து வைத்து, மாலையில் அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் இதைத் தேடிப் படித்தேன். வழி சுலபம். அன்னாசித் துண்டுகளைச் சர்க்கரையோடு ஐந்தாறு நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்டு, ஆறவைத்துச் சேருங்கள். கொதித்த பிறகு நொதி செத்துவிடும். கிவியும் இதே ஜாதி. பப்பாளி நன்றாகப் பழுத்திருந்தால் பெரிய தொல்லை இல்லை, கலந்ததும் குடித்துவிடுங்கள். அரைப்பழம் என்றால் வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு எல்லாப் பழத்தையும் கொதிக்கவைத்துவிடாதீர்கள். சீத்தாப்பழம் நேர் எதிர், அதைச் சூடாக்கினால்தான் கசக்கும். கொட்டையை நீக்கிப் பச்சையாகவே தயிரில் மசித்துவிடுங்கள். என்னைக் கேட்டால் மாம்பழ லஸ்ஸியைவிட ஒரு படி மேல். வாழைப்பழம், சப்போட்டா இரண்டும் தாமே கெட்டித்தன்மை கொடுக்கும். ஆரஞ்சு, திராட்சை, தர்பூசணி மூன்றையும் விட்டுவிடுங்கள். எல்லாம் தண்ணீர்.

டின் கூழ் தாராளமாகப் பயன்படுத்தலாம். மாம்பழக் கூழ் ஆலைகள் நம் கிருஷ்ணகிரியிலேயே நிறைய இருக்கின்றன. லேபிளில் மாம்பழ வகையும், சர்க்கரை சேர்த்ததா இல்லையா என்பதும் இருக்கும். சர்க்கரை சேர்த்த கூழ் என்றால் மேலே சொன்ன ஒன்றரை டேபிள்ஸ்பூனை அப்படியே விட்டுவிட்டு, ருசி பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். கிளிமூக்கு மாம்பழக் கூழில் புளிப்பு சற்று அதிகம், அதற்கு மட்டும் கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கும். டின்னைத் திறந்தபின் மீதியை அதிலேயே வைக்காமல், ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். தயிர் மட்டும் தயாராக இருந்தால் போதும், மார்கழியிலும் மாம்பழ லஸ்ஸி.