ஆறு ஏக்கரும் ஒரு வில்லும்: ஒஹாயோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆறு ஏக்கரோடு வீடு வாங்கியிருக்கிறீர்கள், மான்கள் தோட்டத்தை மேய்ந்து தீர்க்கின்றன, பக்கத்து வீட்டுப் பெரியவர் வில்வேட்டை சொல்லித் தருகிறேன் என்கிறார், எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கும் நான் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இறங்கலாம். ஆனால் வில் வாங்கும் முன் உங்கள் வேலியைத் தொட்டிருக்கும் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.

நுரையீரலில் அம்பு பாய்ந்த வெள்ளைவால் மான்கூட நின்ற இடத்தில் சாயாது. நூறு கஜம் ஓடித்தான் விழும். ஆறு ஏக்கரின் நட்டநடுவில் பரண் கட்டினாலும் எண்பது, தொண்ணூறு கஜத்தில் எல்லை வந்துவிடும். அடுத்தவர் நிலத்தில் விழுந்த மானை அவர் சம்மதமில்லாமல் எடுக்கப் போகக்கூடாது.

இது எனக்கு வேட்டை தொடங்கிய மூன்றாம் ஆண்டில்தான் புரிந்தது. நவம்பர் மாதம், பொழுது சாயும் நேரம். அம்பு நுரையீரலுக்குக் கொஞ்சம் பின்னால் பட்டுவிட்டது. அம்பை எடுத்துப் பார்த்தால் கருத்த ரத்தமும் பச்சைத் துணுக்குகளும். குடலில் பட்டதற்கு அடையாளம். மான் தெற்கு வேலியைத் தாண்டியிருந்தது. அந்த வீட்டாரோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இரவு போய் நின்றபோது மறுத்துவிட்டார்கள். மறுநாள் மதியம் அனுமதி கிடைத்துப் போனபோது கொயோட்டிகள் (நரி போன்ற காட்டு விலங்குகள்) தின்றதுபோக மிச்சம்தான் கிடந்தது. ஓர் உயிரை எடுத்து வீணாக்கிய அந்த நாளை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. மறு வாரமே எல்லா வீட்டுக்கும் போய்ப் பேசி, எழுத்தில் அனுமதி வாங்கினேன்.

விசா விஷயம். விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் கடும் கட்டுப்பாடு உண்டு. வில்லுக்கு அது பொருந்தாது. ஒஹாயோவில் குடியிருப்பவர் தன் சொந்த நிலத்தில் வேட்டையாட உரிமம் வாங்கவேண்டியதில்லை. ஆனால் விழுந்த மானை மாநிலத்துக்குக் கணக்குச் சொல்லியே ஆகவேண்டும். பெரியவர் உங்கள் நிலத்தில் வேட்டையாட நீங்கள் எழுதிக் கொடுத்த அனுமதி வேண்டும். நகர எல்லைக்குள் இருந்தால் அம்பு எய்யத் தடை இருக்கலாம், நகராட்சியில் கேளுங்கள். விதி மீறி வழக்கானால் கிரீன் கார்டு விண்ணப்பம் வரை அது கூடவே வரும்.

நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் கறி என்றாலே சிறைதான். அப்படி வளர்ந்த நமக்கு மனம் கூசத்தான் செய்யும். இங்கேயும் ஒரு காலம் அழித்தே விட்டார்கள்: 1904 வாக்கில் ஒஹாயோவில் காட்டு மானே இல்லை. மறுபடி பெருகிய பிறகு, 1943இல் மூன்றே மாவட்டங்களில்தான் துப்பாக்கி வேட்டைப் பருவத்தைத் திறந்தார்கள். இன்றுள்ள கெடுபிடி அந்தப் பாடத்திலிருந்து வந்தது.

பெரியவரிடம் முதலில் காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மானுக்குக் கண்ணைவிட மூக்கு கூர்மை. மான் வரும் தடத்திலிருந்து உங்களை நோக்கிக் காற்று வீசும் பக்கம் பரண் இருக்கவேண்டும். சின்ன நிலத்தில் ஒரு பரண் போதாது, வடகாற்றுக்கு ஒன்று, தென்காற்றுக்கு ஒன்று. அன்றைய காற்று இரண்டுக்கும் ஒத்துவராவிட்டால் வீட்டிலேயே இருங்கள். மரத்தில் ஏறும் முன்பே உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்புவாரைக் கட்டிவிடுங்கள். முதல் வருஷம் இருபது கஜத்துக்கு மேல் எய்யவே வேண்டாம். மான் பக்கவாட்டில் நிற்கும்வரை பொறுங்கள். எய்த பிறகு அரைமணி நேரம் இறங்காதீர்கள். குடலில் பட்டிருந்தால் பல மணி நேரம் காத்திருக்கவேண்டும். உடனே துரத்தினால் அது இன்னும் தூரம் ஓடும்.

கறி வெட்டித் தரும் கடைகளில் நவம்பரில் கூட்டம் நெரியும், முன்கூட்டியே பேசி வையுங்கள். மான் கொழுப்பு வாயில் மெழுகாக ஒட்டும். ஒரு துளி விடாமல் நீக்கிவிட்டு, நல்லெண்ணெயில் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்குங்கள். முதல் பங்கு உங்கள் வேலிக்கு அப்பால் இருப்பவருக்குப் போகட்டும்.