கடலோர முற்றத்தில் நாமே செய்த மரப்பெஞ்சின் வார்னிஷ் ஏன் ஓராண்டுக்குள் உரிகிறது?

மரச்சாயம் மரத்துக்கு நிறம் தருவது. வார்னிஷ் அதன்மேல் படலமாக இறுகி ஈரத்தைத் தடுப்பது. மண்டபம், பாம்பன் பக்கத்து உப்புக்காற்றின் ஈரத்தில் மரம் உப்பி, வெயிலில் சுருங்கும்போது, உடன் அசைய முடியாத படலம் வெடிக்கிறது. அவ்வழியே புகுந்த நீர் வெளியேற முடியாமல் அடிமரத்தைக் கறுக்க வைக்கிறது. வற்றிய கண்மாயின் சேறு பாளம் பாளமாக வெடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, மரத்துக்குள் ஊறும் நிறமி கலந்த எண்ணெய்ப் பூச்சையே நான் பரிந்துரைப்பேன். அது உரியாமல் மெல்ல மங்குவதால், ஐப்பசி மழைக்கு முன் தூசும் உப்பும் போக நன்னீரில் கழுவி, நன்றாக உலர்ந்தபின் மறுபடி பூசினால் போதும். கால்களின் அடிவெட்டை மறந்துவிடாதீர்கள். உறிஞ்சுகுழல் போல நீரை மேலே இழுப்பது அதுதான். இரும்பு ஆணிக்குப் பதிலாகப் பித்தளைத் திருகாணி நல்லது.

தடிமனாகப் பூசினால் கூடுதல் பாதுகாப்பு என்பது தவறு. எண்ணெயில் மிகுந்ததைத் துணியால் துடைக்காவிட்டால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.