லூவ்ர் இல்லாத பட்டியல்

ஐயா, வணக்கம். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கும் பெண், இன்ஜினியரிங் வேண்டாம், மியூசியத்தில் வேலை பார்க்கப் போகிறேன் என்றால் வீட்டில் சத்தம் எழாமல் இருக்குமா? "அங்கெல்லாம் யாருங்க போறாங்க, அங்க என்ன வேலை இருக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபத்தில் மகளின் நோட்டுப் பக்கம் ஒன்றையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். நேரில் பார்க்க வேண்டிய மியூசியங்கள் என்று நான்கு பெயர்கள். உங்கள் கடிதத்தைவிட அந்தப் பக்கம்தான் எனக்கு உதவியது.

அதில் பாரிஸின் லூவ்ர் மியூசியம் இல்லை. மோனாலிசா முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிற ஆசை மட்டும் என்றால் அதுதான் முதலில் வந்திருக்கும். அவள் முதலில் எழுதியிருப்பது நூக்குஸ். உஸ்பெகிஸ்தானில், வற்றிப்போன ஆரல் கடலுக்குத் தெற்கே, பாலைவனத்தை ஒட்டிய ஊர். இகோர் சவித்ஸ்கி என்ற ஓவியர் 1950-இல் ஓர் அகழாய்வுக் குழுவோடு அந்தப் பக்கம் போனார். தோண்டி எடுத்ததைப் படம் வரைவதுதான் வேலை. போனவர் அங்கேயே தங்கிவிட்டார். முதலில் கரகல்பாக் மக்களின் நகைகள், துணிகள், கம்பளங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சேர்த்தார். 1966-இல் மியூசியம் வந்தது. அப்புறம்தான் துணிச்சலான காரியம். சோவியத் அரசு ஒதுக்கிவைத்த ஓவியர்களின் குடும்பங்களைத் தேடிப் போய், பரணிலும் கட்டிலுக்கடியிலும் கிடந்த படங்களை வாங்கி வந்தார். கையில் காசில்லாமல் கடன் சொல்லி வாங்கியதும் உண்டு. சோவியத் தலைநகர் மாஸ்கோவிலிருந்து அவ்வளவு தூரத்தில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? அந்தத் தூரம்தான் படங்களைக் காப்பாற்றியது. தேடுவது, விலை பேசுவது, வாங்குவது, கணக்கில் பதிவது: "என்ன வேலை இருக்கு" என்ற உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதுவே.

இரண்டாவது, லண்டனில் ஜான் சோன் என்ற கட்டடக் கலைஞரின் வீடு. தான் விட்டுப்போகும் நிலையிலேயே வீடு இருக்க வேண்டும் என்று 1833-இல் நாடாளுமன்றத்தில் சட்டமே போட வைத்த மனிதர். அங்கே ஒரு சிறிய அறையில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். எப்படி? சுவர்களே கதவுபோலத் திறக்கும். ஊழியர் ஒரு பலகையைத் திறந்தால் உள்ளே இன்னொரு வரிசைப் படங்கள். உங்கள் மகள் இந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கீல் வரைந்திருக்கிறாள், கவனித்தீர்களா? படத்தை ரசிப்பவர்கள் நிறையப் பேர். அது எதில் தொங்குகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

ஜப்பானின் நவோஷிமா தீவில் உள்ள சிச்சு மியூசியம் பெரும்பாலும் மண்ணுக்கடியில் இருக்கிறது. ததாவ் ஆண்டோ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 2004-இல் திறந்தது. பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிக்குளப் படங்களுக்கு அங்கே விளக்கே கிடையாது, மேலிருந்து இறங்கும் பகல் வெளிச்சம்தான். நான்காவது பாஸ்டனில் உள்ள கார்ட்னர் மியூசியம். 1990-இல் 13 பொருள்கள் திருடுபோய், வெற்றுப் படச்சட்டங்கள் இன்னும் தொங்குகிற இடம். வெளிச்சம், பாதுகாப்பு என்று இதற்கெல்லாம் தனித்தனி ஆட்கள் வேண்டும்.

சரி, சம்பளத்துக்கு வருகிறேன். மறைக்க மாட்டேன்: தொடக்கத்தில் ஐடி வேலையில் வருவது இதில் வராது. நம் மாநிலத்தில் காப்பாட்சியர் (மியூசியம் கியூரேட்டர்) பணிக்கு டிஎன்பிஎஸ்சி எப்போதாவதுதான் அறிவிப்பு விடும், இடங்களும் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அதனால் பிளஸ் டூ முடித்ததும் நேராகக் கலை வரலாற்றில் சேர்க்கச் சொல்ல மாட்டேன். அவள் குரூப்பில் வேதியியல் இருக்கிறது. பிஎஸ்சி வேதியியல் படிக்கட்டும். அதன்பின் கலைப்பொருள்களைச் சிதையாமல் காக்கும் படிப்பில் (கன்சர்வேஷன்) முதுகலை. நொய்டாவில் உள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனத்தில் அந்தப் படிப்பு உண்டு. மியூசியம் நிர்வாகம்தான் பிடிக்கும் என்றால் பரோடா பல்கலைக்கழகத்தில் 1952 முதல் அதற்கென்றே ஒரு துறை நடக்கிறது. மூன்று வருடத்தில் மனசு மாறினால் வேதியியல் பட்டம் கையில் இருக்கும். வேறு கதவு எதுவும் மூடாது.

வேதியியலுக்கும் சிலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். செப்புத் திருமேனியில் உப்பின் குளோரைடு தங்கி ஈரம் பட்டால், வெளிர்பச்சையாகப் பொடி பூக்கும். துடைத்தால் போகாது, உள்ளே அரித்துக்கொண்டே போகும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் கூடத்தில் பரமசிவன் என்ற வேதியியலாளர் 1930-களிலேயே மின்பகுப்பு முறையில் இதற்கு வைத்தியம் பார்த்தார்.

நூக்குஸுக்கு டிக்கெட் போடச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அவளை எழும்பூருக்குக் கூட்டிப் போங்கள் (வெள்ளிக்கிழமை விடுமுறை). செப்புத் திருமேனிக் கூடத்தில் விட்டுவிட்டு, நீங்கள் ஓரமாக உட்காருங்கள், எதுவும் கேட்க வேண்டாம். எவ்வளவு நேரம் நிற்கிறாள், எதைக் குனிந்து பார்க்கிறாள் என்று மட்டும் கவனித்து எனக்கு எழுதுங்கள். கல்லூரி விண்ணப்பம் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.