பைத்தானில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தமிழ்ச் சொல்லைத் துண்டு துண்டாக்குகிறது. அதன் போக்கை எப்படி மாற்றுவது?

உரையில் வடிவம் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு "மீன்" என்று கொடுத்தால் "ம", "ன" என்று இரண்டு துண்டாக வருகிறது, எந்த ஃபிளாக் (தேடலின் போக்கை மாற்றும் விருப்பக்குறி) போட்டும் சரியாகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபிளாக் போட்டுச் சரியாகாது. நானும் ஒரு மீன்பிடித் தடைக்காலம் முழுக்க இதோடு மல்லுக்கட்டினேன். பாம்பனில் சித்தப்பாவுக்கு மீன் ஏலக் கணக்கு. ஆட்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வரிகளில் இருந்து மீன், எடை, விலை மூன்றையும் பிரித்தெடுக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும் 61 நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் தொடங்கினேன்.

பைத்தானோடு வரும் ஆர்இ (re) மாட்யூலில், பின்சாய்வுக்கோடு போட்டு எழுதும் டபிள்யூ குறி (\w) எழுத்து, எண், அடிக்கோடு இவற்றை மட்டுமே பிடிக்கும். நம் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் யுனிகோடில் எழுத்து வகையில் இல்லை, ஒட்டுக்குறி வகையில் இருக்கின்றன. அதனால் அவை வரும் இடத்தில் சொல் அறுந்துவிடும். பைத்தான் 3-இல் யுனிகோட் ஃபிளாக் ஏற்கெனவே போட்ட கணக்குதான், திரும்பப் போட்டுப் பயனில்லை. பெர்ல் இந்த விஷயத்தில் ஒழுங்கு, ஒட்டுக்குறியையும் சொல்லோடு சேர்த்தே எடுக்கும்.

இதைவிட மோசம், சொல் எல்லையைக் குறிக்கும் பி குறி (\b). நான் "பாறை" என்ற மீன் பெயரின் இரு பக்கமும் அதைப் போட்டுத் தேடினேன். "பாறை 12 கிலோ" என்ற வரி சிக்கவில்லை. "பாறைக்கருவாடு 3 கிலோ" சிக்கியது! காரணம் எளிது, சொல் எழுத்தும் அல்லாததும் சந்திக்கும் இடம்தான் எல்லை. ஐகாரக் குறி சொல் எழுத்து இல்லை, அடுத்து வரும் இடைவெளியும் அப்படியே. எனவே அங்கே எல்லை கிடையாது. கருவாட்டில் ஐகாரக் குறியை அடுத்து "க்" வருகிறது, அங்கே எல்லை விழுகிறது. கேட்டதற்கு நேர் எதிர்.

தீர்வு, தமிழ் எழுத்து எது என்பதை நாமே சொல்லிவிடுவது:

[ஃ-௺]+

ஆய்தத்தில் தொடங்கி யுனிகோடின் தமிழ்ப் பகுதிக் கடைசிக் குறி வரை இதில் அடங்கும். சொல் எல்லைக்கு இப்படி:

(?<![ஃ-௺])பாறை(?![ஃ-௺])

முன்னும் பின்னும் தமிழ் எழுத்து இருக்கக் கூடாது என்று பொருள். கண்ணுக்கு அசிங்கம், ஆனால் வேலை செய்கிறது. ரீஜெக்ஸ் என்ற தனி மாட்யூலை பிப் (பைத்தானின் நிறுவும் கருவி) வழியாக நிறுவினால் டபிள்யூ குறியே தமிழைச் சரியாகப் பிடிக்கும். சித்தப்பா கடைக் கணினியில் எதையும் புதிதாக நிறுவ எனக்குத் துணிச்சல் இல்லை.

ஃபிளாக்குகளில் எனக்கு உதவியவை இரண்டு. மல்ட்டிலைன் போட்டால் ^ ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் பொருந்தும். டாட்ஆல் போட்டால், எந்த எழுத்தையும் பிடிக்கும் "." குறி அடுத்த வரிக்கும் தாண்டும். இக்னோர்கேஸ் தமிழுக்கு வேண்டாம், படகுப் பதிவெண்ணைப் பெரிய எழுத்திலும் சின்ன எழுத்திலும் மாற்றி மாற்றி அடிப்பவர்களுக்காக மட்டும் வைத்தேன். ஆஸ்கி ஃபிளாக் பக்கம் போகாதீர்கள். எண்ணை 0-9-க்குள் கட்டுப்படுத்தப் போய்த் தமிழையே வெளியே தள்ளிவிடும். [0-9] என்று எழுதினால் போதும்.

ஒரு பொறி. மாற்றி எழுதும் சப் செயற்கூற்றில் நான்காவதாக வருவது ஃபிளாக் இல்லை, எத்தனை முறை மாற்ற வேண்டும் என்ற எண்ணிக்கை. நான் அங்கே மல்ட்டிலைனைக் கொடுத்தேன். அதன் உள்மதிப்பு 8. பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் எட்டே எட்டு இடத்தில் மாற்றிவிட்டு நின்றது. ஃபிளாக்கை flags= என்று பெயர் சொல்லியே கொடுங்கள்.

அடுத்து ரெகுலர் எக்ஸ்பிரஷனின் பேராசை, அதாவது முடிந்தவரை நீளமாகப் பிடிக்கும் குணம். "கொடுவா (பெரியது) 4, நண்டு (நீலக்கால்) 6" என்ற வரியில் \(.*\) என்று தேடினால் "(பெரியது" தொடங்கி "நீலக்கால்)" வரை ஒரே வாயில் விழுங்கும். \(.*?\) என்று கேள்விக்குறி சேர்த்தால் முதல் மூடும் அடைப்போடு நிற்கும். நான் \([^)]*\) என்று எழுதுவேன், எங்கே நிற்க வேண்டும் என்பது வெளிப்படையாகத் தெரியும். ஒரே குறை, இது வரி தாண்டியும் ஓடும்.

இவ்வளவும் செய்து கணக்கைக் காட்டினால் சித்தப்பா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கொடுவா எங்கடா?" என்றார். பாதிக் கொடுவா காணோம். பழைய எழுத்துருவில் இருந்து மாற்றிய கோப்பில் "கொ" என்பது ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக இருந்தது. கைபேசியில் அடித்ததில் ஒகரக் குறி ஒன்றாக இருந்தது. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. யுனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் செயற்கூற்றுக்கு என்எஃப்சி (பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) என்று கொடுத்து, தேடலுக்கு முன்பே எல்லா வரியையும் அதில் ஓட்டினேன். கொடுவா கிடைத்தது.

"கௌ" என்பதற்குக் கொம்பும் ளகரமுமாக "கெள" என்று அடிப்பதை மட்டும் என்எஃப்சி சரிசெய்யாது. படகு உரிமையாளர் பெயரான கௌதமுக்காக "கெள" வந்த இடமெல்லாம் "கௌ" ஆக்கினேன், கெளுத்தி மீன் உடைந்து போனது. ளகரத்துக்குப் பின் துணைக்குறி வந்தால் தொடாதே என்று (?!) வைத்து ஒரு நிபந்தனை சேர்த்தபிறகுதான் கௌதமும் கெளுத்தியும் ஒரே பட்டியலில் ஒழுங்காக நின்றார்கள்.