பெட்ரோல் செலவுக்கும் வராத வீடுகள்

கேள்வி: எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் பிறந்ததும் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடும் கேரல் குழு வீடு வீடாகப் போகும். இந்த முறை கோயில் கூரையை மாற்றப் பணம் தேவைப்படுகிறது. அதனால் நல்ல காணிக்கை கொடுக்கும் தாமான் (தரைவீட்டுக் குடியிருப்பு) வீடுகளுக்கு முதலில் போவது என்று குழுவில் முடிவு செய்தோம். அடுக்குமாடிகளில் லிஃப்ட் பாதி நாள் ஓடாது, கார் நிறுத்த இடம் கிடைக்காது, வீட்டுக்குள் இருபது பேர் நிற்கவும் முடியாது. போனால் பெட்ரோல் செலவுக்குக்கூட வராது. அந்த மக்களை ஒரு சனிக்கிழமை கோயில் மண்டபத்துக்கு வரவழைத்து, பாட்டுப் பாடி, சாப்பாடும் போட்டு அனுப்பலாம் என்று திட்டம். யாரையும் ஒதுக்கவில்லை. ஆனாலும் பெரியவர்கள் சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதில் என்ன தவறு?
– கேரல் குழுப் பொறுப்பாளர் ஒருவர், கோலாலம்பூர்

பதில்: தவறுதான். பெரியவர்களின் கோபம் நியாயமானது.

உங்கள் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. டிசம்பர் மாதத்தில் சாயங்காலம் ஆனால் மழை பிடித்துக்கொள்கிறது. வேலை முடிந்து நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து, குளித்துவிட்டுப் பாட வருகிறார்கள் உங்கள் பிள்ளைகள். அவர்களை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன காரணங்களில் லிஃப்டும் கார் நிறுத்துமிடமும் பக்கவாத்தியம். பெட்ரோலைப் பற்றி எழுதினீர்களே, அந்த ஒரு வாக்கியம்தான் விஷயம். தாமான் வீட்டு வாசலில் இடமில்லை என்றால் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போயிருப்பீர்கள்.

அடுக்குமாடியில் பெட்ரோல் செலவுக்கு வராது என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? எந்த வீட்டில் எவ்வளவு கிடைத்தது என்று யாரோ நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நோட்டைப் பார்த்து இந்த ஆண்டுப் பட்டியலைப் போட்டிருக்கிறீர்கள். யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் சொல்வது இதைத்தான். பொன் மோதிரம் போட்டவர் தொழுகைக் கூடத்துக்குள் வந்ததும் நல்ல இடம் காட்டுகிறார்கள். அழுக்கு உடையோடு வந்த ஏழையைப் பார்த்து அங்கே நில் என்கிறார்கள். யாக்கோபு இதைக் கண்டித்தது ஊரில் இருந்த பணக்காரர்களிடம் அல்ல, சபைக்குள் இருந்த விசுவாசிகளிடம்.

ஒதுக்கவில்லை, சாப்பாடு போடுகிறோம் என்கிறீர்கள். ஒரு வீட்டு வாசலில் நாம் போய் நின்றால், உள்ளே வாருங்கள் என்று சொல்லும் உரிமை அந்த வீட்டுக்காரருக்கு இருக்கிறது. அவரை மண்டபத்துக்கு வரவழைத்து வரிசையில் நிற்க வைத்தால் அந்த உரிமை நம் கைக்கு வந்துவிடுகிறது. உதவிப் பொருளுக்கும் பள்ளிக்கூட உபகாரத்துக்கும் மருத்துவமனைச் சலுகைக்கும் ஆண்டு முழுக்கக் கை நீட்டி நிற்பவர்கள் இவர்கள். வந்தவர்களை உட்காரவைத்து உபசரிக்க அவர்களுக்குக் கிடைப்பது கேரல் வரும் அந்த ஓர் இரவு. அதைத்தான் எடுத்துவிடப் பார்க்கிறீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பி.பி.ஆர். (அரசின் மலிவு விலை அடுக்குமாடி) குடியிருப்புக்குக் கேரல் குழுவோடு போயிருந்தேன். மொத்தம் 700 சதுர அடி வீடு. வீட்டுக்கார அம்மாள் அலுவலகத் துப்புரவு வேலைக்குப் போகிறவர், அன்று அரை நாள் விடுப்பு எடுத்திருந்தார். எதிர்வீட்டு நாற்காலிகளை இரவல் வாங்கி நடைபாதை நெடுக வரிசையாகப் போட்டிருந்தார். தொலைக்காட்சி மேசைக்கு அடியில் கிறிஸ்மஸ் குடில். பழுப்புக் காகிதத்தைக் கசக்கி, கரித்தூள் பூசி, அவருடைய மகன் மலை செய்திருந்தான். அச்சு முறுக்கு மைலோ டின்னில், ரோஸ் சிரப் பெரிய வாளியில். பாலன் இயேசு சுரூபத்தைக் கையில் கொடுத்ததும் முத்தி செய்துவிட்டுத் திருப்பித் தரவில்லை அவர். வீட்டுக்குள் கொண்டுபோனார். அறை அறையாகக் காட்டினார், அடுப்படி காட்டினார், துணி காயப்போடும் இடம்வரைக்கும் போய்விட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் காணிக்கைப் பையில் நாலாக மடித்த ஐந்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டு விழுந்தது. நாற்காலி கொடுத்த இந்துக் குடும்பம் வடையும் சுட்டு அனுப்பியிருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கடைசிப் பாட்டுவரைக்கும் நின்றார்கள்.

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 6 விழுக்காடு. நம் திருநாளுக்கு நாற்காலி எடுத்துக் கொடுக்கும் பக்கத்து வீட்டார் பெரும்பாலும் இந்துக்கள்தான். உங்கள் மண்டபத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள். நீங்கள் அங்கே போனால், யாருக்கும் எதையும் போதிக்காமல், அவர்கள் காதிலும் அந்தப் பாட்டு விழும்.

அந்த மாடிகளில் இருப்பவர்கள் யார் என்றும் யோசித்துப் பாருங்கள். அநேகர் ரப்பர்த் தோட்டத்து ஜனங்களின் பிள்ளைகள். தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களுக்குக் கைமாறியபோது வெளியேறி, புறம்போக்கில் குடிசை போட்டு, அங்கிருந்தும் கிளப்பப்பட்டு, கடைசியில் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தவர்கள். தமிழ்க் கிறிஸ்தவம் இந்த நாட்டில் ஊன்றியதே இவர்களுடைய பாட்டன்மாரை நம்பித்தான். பினாங்கில் தமிழருக்கென்று எழுந்த புனித சவேரியார் கோயிலாகட்டும், கோலாலம்பூர் புனித அந்தோணியார் கோயிலாகட்டும், பிரிக்பீல்ட்ஸில் லுத்தரன்களும் மெதடிஸ்டுகளும் எழுப்பிய ஆலயங்களாகட்டும், இரயில்வேக்காரர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் பால் வெட்டியவர்களும் நிறைத்த கோயில்கள் அவை. பிரெஞ்சுக் குருக்கள் தமிழ் படித்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பூசை வைத்தார்கள். லயத்து வரிசை வீட்டு வாசலில் எவ்வளவு கிடைக்கும் என்று அவர்கள் கணக்குப் பார்த்திருந்தால் உங்கள் பங்கே இருந்திருக்காது.

லூக்கா நற்செய்தியிலும் மேய்ப்பர்களை யாரும் ஓர் இடத்துக்கு வரவழைக்கவில்லை. கிடை போட்டிருந்த வயல்வெளிக்குத் தூதர் போனார். அவர்கள் இரவு முழுக்க மந்தைக்குக் காவல் இருந்தவர்கள். இன்று கோலாலம்பூரில் கொண்டோ வாசலில் காவல் இருப்பவரும், மருத்துவமனை வார்டில் இரவு வேலை பார்க்கும் தாதியும், விடிய விடிய ரொட்டிச் சானாய் போடுபவரும் வீடு திரும்புவது அந்த லிஃப்ட் ஓடாத கட்டடங்களுக்குத்தான். 1223-இல் புனித பிரான்சிஸ் அசிசியார் கிரேச்சோ ஊரில் குடில் அமைத்தபோதுகூட, கோயிலுக்குள் வைக்காமல் மலைச்சரிவில் ஒரு குகையில் வைத்தார். வைக்கோல், மாடு, கழுதை, தீவட்டி பிடித்து வந்த ஊர்ஜனம். அவ்வளவுதான்.

லிஃப்டைக் காரணம் காட்டினீர்கள். உங்களுக்கு ஓடாத லிஃப்ட் அவர்களுக்கு மட்டும் ஓடுமா? முழங்கால் வலியோடு ஒன்பதாம் மாடியில் இருக்கும் பாட்டி உங்கள் சனிக்கிழமை விருந்துக்கு எப்படி இறங்கி வருவார்? மண்டபத்துக்கு வரக்கூடியவர்கள் எப்படியும் பூசைக்கு வருகிறவர்கள். வர முடியாதவர்களைத்தான் உங்கள் திட்டம் விட்டுவிட்டது.

செய்ய முடிகிற காரியமே இது. இருபது பேர் எதற்கு? ஆறேழு பேர், ஒரு கித்தார் போதும். குழுவை மூன்றாகப் பிரித்தால் ஒரே இரவில் மூன்று கட்டடங்களுக்குப் போகலாம். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகிறவர்களிடம் பட்டியல் கேளுங்கள். எந்த மாடியில் யார் படுக்கையில் இருக்கிறார் என்று அவர்களுக்கு மனப்பாடம். அந்த வீடுகளிலிருந்து தொடங்குங்கள், தாமான் வீடுகள் பிறகு வரட்டும். இடமில்லாவிட்டால் நடைபாதையில் நின்று பாடுங்கள். கீழ்த்தளத்து சூராவில் (முஸ்லிம்களின் தொழுகை இடம்) இஷா என்னும் இரவுத் தொழுகை முடிந்த பிறகு ஆரம்பித்து, பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். மறுநாள் காலை வேலைக்கு எழ வேண்டியவர்கள் பக்கத்து வீட்டில் இருப்பார்கள்.

கூரை ஒழுகுவது உண்மையான தேவை, அதற்கும் பணம் வேண்டும். உணவுச் சந்தை வையுங்கள். செலவு விவரத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, வசதியுள்ளவர்களிடம் கூரைக்கென்று நேரடியாகக் கேளுங்கள், கொடுப்பார்கள். கேரல் இரவில் பையை நீங்களாக நீட்ட வேண்டாம். கொடுத்தால் ஐந்து வெள்ளியையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று மறுத்துவிடாதீர்கள், அது அவர்களைப் புண்படுத்தும். வீட்டுக்கணக்கு எழுதும் நோட்டை மட்டும் இந்த ஆண்டோடு நிறுத்திவிடுங்கள்.

மண்டப விருந்தைக் கைவிட வேண்டாம். கிறிஸ்மஸ் காலம் 25-ஆம் தேதியோடு முடிவதில்லை, ஜனவரி தொடக்கத்தில் வரும் மூன்று அரசர் திருநாள் வரைக்கும் நாள் இருக்கிறது. எல்லா வீடுகளுக்கும் போய் வந்த பிறகு, தாமான்காரர்களையும் மாடிக்காரர்களையும் ஒரே நாளில், ஒரே மேசைக்குக் கூப்பிடுங்கள். வண்டி இல்லாதவர்களுக்கு வேன் வையுங்கள். படி இறங்க முடியாதவர்களைத் தூக்கி வர நாலு இளைஞர்களை அனுப்புங்கள். கேரலில் வந்த காணிக்கையிலிருந்தே வேன் வாடகையைக் கொடுங்கள்.