மரை பொருந்தினால் போதுமா?

கேள்வி: அப்பா விட்டுப்போன 1967 மோரிஸ் மைனர் 1000 காரை இன்னும் ஓட்டுகிறேன். ஸ்பார்க் பிளக் மாற்றப் போன கடையில், "மரை பொருந்தினால் போதும்" என்று எதையோ எடுத்து நீட்டினார்கள். வாங்கலாமா?
- ஈசூன் வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம். மரையின் விட்டம் 14 மி.மீ. என்பதோடு விஷயம் முடியவில்லை, அதன் நீளமும் 19 மி.மீ. இருக்க வேண்டும், குட்டையாக இருந்தால் பொறி உள்ளடங்கிப்போய் கரி படியும், நீண்டுவிட்டால் பிஸ்டனே வந்து இடிக்கலாம். என்ஜிகே நிறுவனத்தின் பிபி6இஎஸ் (BP6ES) பிளக்கைக் கேளுங்கள். அதில் வரும் 'இ'தான் அந்த 19 மி.மீ., 6 என்பது வெப்ப எண், அதாவது பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதற்கான குறியீடு. இங்கேதான் பலரும் ஏமாறுவது: என்ஜிகேயில் எண் ஏற ஏற பிளக் 'குளிர்ச்சி', அதாவது சூட்டை வேகமாக வெளியேற்றும்; சாம்பியன் நிறுவனத்தின் பிளக்கில் நேர் எதிர்!

ஞாயிறு காலை தேக்காவுக்கு மீன் வாங்கப் போய்வருவதோடு சரி என்றால், பிளக் போதிய அளவு சூடேறாமல் கரி படியலாம், கழற்றிப் பாருங்கள். முனையில் விரலில் ஒட்டும் காய்ந்த கரி இருந்தால் முதலில் கார்புரேட்டரைச் சரிபாருங்கள், அப்புறம் இதைவிடச் சூடாக இருந்து கரியை எரித்துவிடும் பிபி5இஎஸ் போடலாம். பிளக் முனையில் பொறி தாவும் இடைவெளி 0.6 மி.மீ.; புதுசுதானே என்று அளக்காமல் மாட்டாதீர்கள்.